பொது லைப்ரரியை எங்கே பிரிப்பது, எத்தனையாகப் பிரிப்பது

மன்னார்குடியிலிருந்து எழுதியிருக்கும் நண்பரின் கேள்வி சுருக்கமாக இதுதான். எட்டுப் பேர் வேலை செய்யும் அவருடைய நிறுவனம் அரிசி ஆலைகளுக்கும் உரக்கடைகளுக்கும் நெல் வியாபாரிகளுக்கும் கணக்கு மென்பொருள் எழுதிக் கொடுக்கிறது. ஜாவாவில் எழுதப்பட்ட அந்தப் பதினொரு செயலிகளும் ‘காமன்’ என்ற ஒரே லைப்ரரியின், அதாவது எல்லாச் செயலிகளும் பகிர்ந்துகொள்ளும் நிரல் தொகுப்பின், மேல் நிற்கின்றன. பத்தாண்டுகளாக ஆளாளுக்குச் சேர்த்ததில் அது ஒன்றேகால் லட்சம் வரிகளாகப் பெருத்துவிட்டது. அதை எத்தனை சிறு லைப்ரரிகளாகப் பிரிக்கலாம், ஒவ்வொன்றுக்கும் தனி கிட் ரெப்போ (நிரலையும் அதன் மாற்ற வரலாற்றையும் வைக்கும் சேமிப்பிடம்) வேண்டுமா என்று கேட்கிறார். ஆனால் கேள்வியின் நடுவில் போகிறபோக்கில் அவர் எழுதிய ஒரு வாக்கியத்தில்தான் உண்மையான கேள்வி இருக்கிறது என்று எனக்குப் படுகிறது: உரக்கடைச் செயலிக்காக ‘காமனில்’ செய்த திருத்தம் ஒன்று, சம்பா அறுவடை நேரத்தில் ஆலைச் செயலியின் எடைச்சீட்டைக் குலைத்துவிட்டதாம். ஒரு வாடிக்கையாளருக்காகச் செய்யும் மாற்றம் இன்னொருவரைத் தொடக் கூடாது என்பதே அவருடைய தேவை. லைப்ரரியைச் சிறிதாக்கினால் அது தானாகவே கிடைத்துவிடும் என்று பலரும் நினைக்கிறோம். சில நேரம் கிடைக்கும். சில நேரம், முன்பு ஒரே இடத்தில் இருந்த சிக்கல் பத்து இடங்களுக்குப் பரவும்.

நான் கும்பகோணத்தில் இருந்துகொண்டு, கிடங்கு இருப்புக்கும் ஆலைக் கணக்குக்குமான ஜாவா மென்பொருளைப் பல ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறேன். இத்தகைய பொது லைப்ரரிகளைப் பிரித்தும் இருக்கிறேன், பிரிக்கப்பட்டிருந்தவற்றைத் திரும்பச் சேர்த்தும் இருக்கிறேன். நூற்றுக்கணக்கானோர் ஒரே நிரலைத் தொடும் பெருநிறுவனங்களின் அனுபவம் எனக்கு இல்லை. உங்கள் நிரலையும் நான் பார்த்ததில்லை. ஆகவே எந்த நிரலுக்கும் பொருந்தும் என்று உறுதியாகச் சொல்லக்கூடியதையும், உங்கள் விவரத்திலிருந்து நான் ஊகிப்பதையும் கலக்காமல் எழுத முயல்கிறேன்.

முதல் ஊகம்: உங்கள் பதினொரு செயலிகளும் ‘காமனின்’ ஸ்னாப்ஷாட் பதிப்பையே (எண்ணிட்டு உறுதிசெய்யாத, மாறிக்கொண்டே இருக்கும் பதிப்பு) எடுத்துக்கொள்கின்றன, அதனால் ஒருவர் இன்று மாலை சேர்த்த வரி, மறுநாள் காலை கட்டப்படும் எல்லாச் செயலிகளுக்குள்ளும் போய்விடுகிறது. நீங்கள் விவரித்த எடைச்சீட்டுக் கோளாறு வேறு வழியில் நடந்திருப்பது கடினம். அப்படியானால், பிரிப்பதைப் பற்றி யோசிப்பதற்கு முன்பே செய்யவேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. ‘காமனுக்கு’ எண்ணிட்ட வெளியீடுகள் கொடுங்கள்; ஒவ்வொரு செயலியும் தனக்கு எந்தப் பதிப்பு வேண்டும் என்பதைத் மேவன் என்ற கட்டுமானக் கருவிக்கான தன் கோப்பில் எண்ணாகவே குறிக்கட்டும். இதற்கு ஒரு வாரத்துக்கு மேல் ஆகாது. இதிலேயே உங்கள் தொல்லையில் பாதி தீர்ந்துவிடும் என்பதில் எனக்கு ஐயமில்லை. தீராத மறுபாதி எது என்றால், ஆலைச் செயலிக்கு அவசரமாக வரிவிதித் திருத்தம் ஒன்று தேவைப்படும்போது, அதே பதிப்பில் ஏறியிருக்கும் உரக்கடை அச்சு மாற்றங்களையும் சேர்த்தே அது வாங்கியாக வேண்டியிருப்பது. அந்தப் பாதிக்குத்தான் பிரித்தல் மருந்து. கம்பைல் ஆக (எழுதிய நிரலை இயங்கும் வடிவத்துக்கு மாற்ற) நேரமாகிறது என்ற குறைக்கு அது மருந்தாகாது. ஒன்றேகால் லட்சம் வரி ஜாவாவைக் கம்பைல் செய்வது இன்றைய கணினிக்குப் பெரிய வேலையே இல்லை, நேரத்தை விழுங்குவது பெரும்பாலும் தரவுத்தளத்தைத் தொடும் டெஸ்டுகளாக இருக்கும். ‘அந்த நிரலைத் தொடவே எல்லோருக்கும் பயம்’ என்ற குறைக்கும் அது மருந்தாகாது. பயந்து தொடாத நிரலை வேறு பெயருள்ள கோப்புறைக்கு மாற்றினால் பயமும் கூடவே போகும்.

இனி, எங்கே பிரிப்பது. ‘காமனைத்’ திறந்தவுடன் எல்லோருக்கும் தோன்றும் வழி, பொருள்வாரியாகப் பிரிப்பது: தேதி ஒரு பக்கம், எடை ஒரு பக்கம், பணம் ஒரு பக்கம், அச்சு ஒரு பக்கம். பார்ப்பதற்கு ஒழுங்காக இருக்கும் இந்த வழிதான் நடைமுறையில் அதிகம் ஏமாற்றுகிறது. மென்பொருள் அறிஞர் டேவிட் பார்னஸ் 1972-இலேயே இதைத் தெளிவாக எழுதிவிட்டார்: ஒரு நிரலைப் பகுதிகளாக்கும்போது வேலையின் படிகளைப் பார்த்துப் பிரிக்காதீர்கள், பின்னால் மாறக்கூடிய முடிவு ஒவ்வொன்றையும் ஒவ்வொரு பகுதிக்குள் மறைத்து வையுங்கள் என்பது அவர் வாதம். நம் ஊர்த் தொழிலிலிருந்தே இதற்கு ஓர் எடுத்துக்காட்டுத் தர முடியும். சிப்பத்தின் எடையைக் கணக்கிடும் ஃபங்ஷன் எந்த லைப்ரரியில் இருக்கவேண்டும்? கிலோவும் குவிண்டாலும் மூட்டையும் இருக்கிற அளவைப் பகுதியில் என்றுதான் யாரும் சொல்வார்கள். 2022 ஜூலை 18 முதல், முன்கூட்டியே சிப்பமிட்டு லேபிள் ஒட்டிய அரிசிக்கு, சிப்பம் 25 கிலோ வரை இருந்தால் 5 சதவீத ஜிஎஸ்டி என்று ஆயிற்று. உடனே 26 கிலோ சிப்பங்கள் சந்தைக்கு வந்தன. அன்று ஆலை மென்பொருள் வைத்திருந்த ஒவ்வொருவரும் சிப்ப எடையையும் வரி விகிதத்தையும் ஒரே நேரத்தில் திருத்தவேண்டி வந்தது. அளவைப் பகுதியில் இருந்த மற்ற எதையும் யாரும் தொடவில்லை. ஒரு குவிண்டாலுக்கு நூறு கிலோ என்பது அன்றும் மாறவில்லை. ஆக, சிப்ப எடை பார்வைக்கு அளவை போலத் தெரிந்தாலும், மாறும் காரணத்தால் அது வரிவிதியின் உறவினர். அதை அளவை லைப்ரரியில் வைத்தவர், ஒரே அரசாணைக்கு இரண்டு லைப்ரரிகளை, இரண்டு எண்ணில், சரியான வரிசையில் வெளியிட வேண்டியிருக்கும்.

தேதிக்கும் இதே கதைதான். நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. நெல் கொள்முதல் பருவம் வழக்கமாக அக்டோபரில் தொடங்குவது. 2022-இல் தமிழ்நாட்டில் மட்டும் அதைச் செப்டம்பர் 1-இலிருந்தே தொடங்க மத்திய அரசு ஒப்புக்கொண்டது. ‘இந்தத் தேதி எந்தப் பருவத்தில் சேரும்’ என்ற ஃபங்ஷன் உங்கள் தேதிப் பகுதியில் இருந்தால், அந்த ஓர் ஒப்புதலுக்காக, நெல்லையே பார்க்காத உரக்கடைச் செயலியும் புதிய தேதி லைப்ரரியை வாங்கியிருக்கும். கொள்முதல் விலை, ஈரப்பத விதி, பருவத் தொடக்கம் மூன்றும் அரசின் கொள்முதல் முடிவுகளால் மாறுபவை. ஆகவே அவை ஒரே லைப்ரரியில் இருக்கவேண்டும். நாள்களைக் கூட்டிக் கழிக்கும் ஃபங்ஷன்கள் யாருடைய ஆணைக்கும் கட்டுப்பட்டவை அல்ல. அவை வேறு இடத்தில் இருக்கலாம்.

இதை உங்கள் நிரலில் ஊகித்துக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. கிட் வரலாற்றிலேயே எழுதியிருக்கிறது. கடந்த மூன்று நான்கு ஆண்டுப் பதிவுகளை (கமிட்டுகளை) எடுத்து, எந்தக் கோப்புகள் அடிக்கடி ஒரே பதிவில் சேர்ந்து மாறியிருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். இடைவெளி திருத்தியது, பெயர் மாற்றியது போன்ற மொத்தப் பதிவுகளை மட்டும் விலக்கிவிடுங்கள். அதோடு இன்னோர் அட்டவணையும் வேண்டும்: பதினொரு செயலிகளை ஒரு பக்கமும் ‘காமனின்’ பேக்கேஜ்களை (கிளாஸ் என்னும் நிரல் அலகுகளின் தொகுதிகளை) மறுபக்கமும் எழுதி, யார் எதைத் தொடுகிறார்கள் என்று குறிப்பது. ஜாவா நிரலாக்கக் கருவித்தொகுப்பான ஜேடிகே 8 முதல் கூடவே வரும் ஜேடெப்ஸ் என்ற கருவி இதற்குப் போதும். இரண்டு அட்டவணைகளும் ஒரே கோட்டைக் காட்டினால் அங்கே தயங்காமல் பிரிக்கலாம். ஒன்று பிரிக்கச் சொல்லி மற்றொன்று மறுத்தால், நான் மாற்ற வரலாற்றின் பக்கம் நிற்பேன். இது என் பழக்கத்திலிருந்து வரும் தீர்ப்பு; வேறு விதமாக நினைக்கும் அனுபவசாலிகளும் உண்டு.

ஜேடெப்ஸுக்குத் தெரியாத சார்புகளும் (ஒரு பகுதி இன்னொன்றை நம்பியிருக்கும் இடங்கள்) இருக்கின்றன, நம் தொழிலில் அவைதான் அதிகம் கடிக்கின்றன. கிளாஸ் பெயரை எழுத்துச் சரமாக எழுதி அழைக்கும் இடங்களை அது பார்க்காது. அச்சு அறிக்கைகளைத் தயாரிக்கும் ஜாஸ்பர் ரிப்போர்ட்ஸ் வார்ப்புருக்களுக்குள் ‘காமனின்’ கிளாஸ் பெயர்கள் எழுதப்பட்டிருக்கலாம். பெயரை மாற்றிவிட்டால், கம்பைல் எல்லாம் ஒழுங்காக முடிந்து, கடைக்காரர் ரசீது அச்சிடும்போதுதான் பிழை வரும். ஜாவா பொருள்களை அப்படியே சீரியலைஸ் செய்து (பைட்டுகளாக்கி) தரவுத்தளத்தில் போட்டுவைத்திருந்தால், அவற்றுக்குள்ளும் கிளாஸின் முழுப்பெயர் உறைந்திருக்கிறது. பெயர் மாறினால், பழைய வரிசைகளைப் புதிய நிரலால் திறக்க முடியாது. எனவே கை வைப்பதற்கு முன் எல்லா வார்ப்புருக்களையும் அமைவுக் கோப்புகளையும் பேக்கேஜ் பெயரைக் கொண்டு ஒரு முறை தேடிவிடுங்கள்.

அடுத்தது வட்டச் சார்பு. அச்சுப் பகுதி வரிப் பகுதியை அழைக்கிறது, வரிப் பகுதி எங்கோ ஒரு மூலையில் அச்சுப் பகுதியை அழைக்கிறது. ஒரே லைப்ரரியாக இருக்கும்வரை இது யார் கண்ணிலும் படாது. இரண்டு மேவன் மாட்யூல்களாக (தனித்தனியே கட்டப்படும் பகுதிகளாக) ஆக்கிய கணமே, வட்டம் இருக்கிறது என்று சொல்லி மேவன் கட்ட மறுத்துவிடும். இது நல்லதுதான். இத்தகைய வட்டங்கள் பெரும்பாலும் மெல்லிய நூலால்தான் கட்டப்பட்டிருக்கும் என்பது ஜாவாவின் சொந்த வரலாற்றிலிருந்தே தெரியும். 2017 செப்டம்பரில் வந்த ஜாவா 9, அதுவரை ஆர்டி.ஜார் என்ற ஒரே பெருங்கோப்பாக இருந்த அடிப்படை லைப்ரரியை மாட்யூல்களாகப் பிரித்தது. பதிவேடு எழுதும் லாக்மேனேஜர் கிளாஸிலும், ஜார் என்னும் ஜாவாத் தொகுப்புக் கோப்புகளைச் சுருக்கும் பேக்200-இலும், மாற்றத்தைக் கேட்டுக்கொண்டிருக்கும் கேட்பானைச் சேர்க்கவும் நீக்கவும் என்று மொத்தம் ஆறு மெத்தடுகள் இருந்தன. அந்தக் கேட்பானின் வகை, திரைக்கூறுகளோடு சேர்ந்த ஜாவா பீன்ஸ் பகுதியில் இருந்தது. இந்த ஆறினால், திரையே இல்லாத சர்வரில் ஓடும் அடிப்படை மாட்யூலும் மேசைக்கணினித் திரைப் பகுதியை இழுத்துக்கொண்டு வரவேண்டியிருந்தது. அவற்றை ஜாவா 8-இல் கைவிடப்படுபவை என்று அறிவித்து, 9-இல் நீக்கினார்கள். பழைய நிரல்களை உடைப்பதில் அவ்வளவு தயங்கும் ஜாவாவே இதைச் செய்தது என்றால், அந்த நூலை அறுக்காமல் பிரிக்கவே முடியாது என்பதுதான் பொருள்.

உங்கள் நிரலில் அறுப்பதற்கு மூன்று கருவிகள் போதுமென்று நினைக்கிறேன். வரிப் பகுதி அச்சுப் பகுதியை அழைப்பதற்குப் பதிலாக, அச்சிடவேண்டியதை ஒரு மதிப்பாகத் திருப்பித் தரலாம். அதை வாங்கி அச்சிடுவது மேலே இருக்கும் செயலியின் வேலை. அது முடியாத இடத்தில் ஓர் இன்டர்ஃபேஸை மட்டும் கீழ்ப்பகுதியில் வைத்து, அதை நிறைவேற்றும் கிளாஸை மேலே வைக்கலாம். மூன்றாவதைச் சொன்னால் சிலர் முகம் சுளிப்பார்கள்: பத்து வரி ஃபங்ஷன் என்றால் அதை இரண்டு இடத்திலும் படியெடுத்து வைத்துவிடலாம். எழுத்துச் சரத்தின் முன்பின் இடைவெளியை வெட்டும் ஒரு ஃபங்ஷனுக்காக இரண்டு லைப்ரரிகளைக் கட்டிப்போடுவதைவிட இது மலிவு. ஆனால் பைசாவை முழு ரூபாயாக்கும் விதி போன்றவற்றை ஒருபோதும் படியெடுக்காதீர்கள். ஒரு படி திருத்தப்பட்டு மற்றது திருத்தப்படாமல் போனால், ரசீதும் பேரேடும் ஐம்பது பைசா வேறுபட்டு நிற்கும். அதை எந்த ஆலைக்காரரும் மன்னிப்பதில்லை.

வட்டங்களை அறுத்த பிறகும் உடனே தனி ரெப்போக்களுக்குப் போகவேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அதே ரெப்போவில், ஒரே மேவன் திட்டத்துக்குள் சிறு மாட்யூல்களாக வையுங்கள். எல்லாவற்றுக்கும் ஒரே பதிப்பெண் கொடுங்கள். எந்த மாட்யூல் எதை அழைக்கலாம் என்ற திசையைத் தாளில் எழுதிவைத்துக்கொண்டு, ஒரே மாட்யூலுக்குள் இருக்கும் பேக்கேஜ்களுக்கும் அந்த ஒழுங்கு தேவைப்பட்டால் சார்பு விதிகளைச் சோதிக்கும் ஆர்க்யூனிட் என்ற கருவியைக் கொண்டு அதை ஒரு டெஸ்டாகவே எழுதிவிடுங்கள். திசையை எப்படி வகுப்பது என்பதற்கு லினக்ஸ் மேசைத்திரை மென்பொருளை உருவாக்கும் கேடிஇ திட்டம் செய்தது நல்ல முன்மாதிரி. 2014 ஜூலையில் அவர்கள் தங்கள் பெரிய கேடிஇலிப்ஸ் லைப்ரரியை ஐம்பதுக்கும் மேற்பட்ட சிறு லைப்ரரிகளாக்கி வெளியிட்டபோது, அவற்றை மூன்று அடுக்குகளாக வைத்தார்கள்: முதல் அடுக்கில் இருப்பது தங்களுடைய வேறெந்த லைப்ரரியையும் சாராது; இரண்டாம் அடுக்கு முதல் அடுக்கை மட்டும் சாரலாம்; மூன்றாம் அடுக்குக்குத் தன் அடுக்கில் உள்ளவற்றையும் சார உரிமை உண்டு. இந்த மூன்று வரி விதியை எட்டுப் பேர் அலுவலகத்தில் சுவரில் ஒட்டிவைத்தாலே பாதிச் சச்சரவு வராது.

எல்லாவற்றுக்கும் ஒரே பதிப்பெண் என்றால் பிரித்ததில் என்ன பயன் என்று கேட்பீர்கள். கேட்பது நியாயம். பதில் இதுதான்: உரக்கடைச் செயலி கொள்முதல் மாட்யூலைச் சாராமலேயே இருந்துவிட்டால், அதில் எத்தனை மாறினாலும் அதற்குக் கவலையில்லை, எண் ஒன்றாக இருப்பது அதைத் தொந்தரவு செய்யாது. மாறாக, ஒவ்வொரு மாட்யூலுக்கும் தனித்தனி எண் கொடுத்த அன்றே வேறொரு தொல்லை தொடங்குகிறது. ஆலைச் செயலி அச்சு லைப்ரரியையும் வரி லைப்ரரியையும் வாங்குகிறது. இரண்டும் அடிப்படை லைப்ரரியை வெவ்வேறு பதிப்பில் கேட்கின்றன. மேவன் இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள்ளும். சார்பு மரத்தில் எது அருகில் இருக்கிறதோ அது, தூரம் சமமானால் எது முதலில் எழுதப்பட்டிருக்கிறதோ அது. எது புதியது என்று அது பார்ப்பதில்லை. பழையதை எடுத்துவிட்டால் கட்டும்போது ஒன்றும் தெரியாது. ஓடும்போது, அந்த ஃபங்ஷனை அழைக்கும் நேரத்தில்தான், அப்படி ஒரு மெத்தடே இல்லை என்ற பிழையோடு செயலி நிற்கும். தனி எண்கள் தவிர்க்க முடியாதவை என்றால், ஒன்றோடொன்று ஒத்துப்போகும் பதிப்புகளை ஒரே பட்டியலாக்கித் தரும் பிஓஎம் (BOM) கோப்பு ஒன்றை வெளியிடுங்கள். மேவனோடு சேர்ந்து விதிகளைச் சோதிக்கும் என்ஃபோர்சரில், பதிப்புகள் ஒருமித்திருக்கின்றனவா என்று சோதிக்கும் விதியையும் இயக்கி வையுங்கள். இரண்டையும் செய்யாமல் தனி எண்களுக்குப் போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பெயர்களைப் பற்றி. பிரிக்கும்போதே பேக்கேஜ் பெயர்களையும் அழகாக்கிவிடலாம் என்ற ஆசை வரும்; அடக்கிக்கொள்ளுங்கள். கிளாஸ்கள் பழைய பெயரிலேயே புதிய ஜாரில் இருந்தால், செயலிகளின் நிரலில் ஒரு வரியும் மாறவேண்டியதில்லை. ஒரு கட்டுப்பாடு மட்டும் உண்டு: ஒரே பேக்கேஜ் இரண்டு ஜார்களில் சிதறக் கூடாது. பழைய கிளாஸ்பாத் முறை அதைச் சகித்துக்கொள்ளும், ஜாவா 9-இன் மாட்யூல் முறை சகிக்காது. ஆகவே ஒரு பேக்கேஜை இரண்டாக வெட்டியே ஆகவேண்டிய இடத்தில் மட்டும் புதுப்பெயர் கொடுங்கள். ஜாவாவுக்கான பொதுப்பயன் லைப்ரரியான அப்பாச்சி காமன்ஸ் லாங் தன் எழுத்துச் சரக் கருவிகளைக் காமன்ஸ் டெக்ஸ்ட் என்ற தனி லைப்ரரிக்கு அனுப்பியபோது, புதியதற்குப் புதுப் பேக்கேஜ் பெயர் கொடுத்தது, பழையதை 3.6 பதிப்பில் கைவிடப்படுவதாகக் குறித்ததே தவிர உடனே பிடுங்கிவிடவில்லை. இரண்டும் ஒரே செயலிக்குள் சண்டையில்லாமல் வாழ முடிந்தது.

அதுபோலவே ‘காமன்’ என்ற பெயரையும் அழித்துவிடாதீர்கள். உள்ளே ஒரு கிளாஸும் இல்லாமல், புதிய மாட்யூல்கள் அத்தனையையும் சார்ந்து நிற்கும் வெற்று உறையாக அதை வைத்திருங்கள். மாறாத செயலிகள் பழைய பெயரையே கேட்டு எல்லாவற்றையும் பெற்றுக்கொள்ளும், மாறத் தயாரானவை தமக்கு வேண்டிய மாட்யூலை மட்டும் கேட்கும். இந்த உறை இல்லாமல் பிடுங்கினால் என்ன ஆகும் என்பதற்கும் ஜாவாவே சாட்சி. எக்ஸ்எம்எல்லோடு பொருள்களைப் பிணைக்கும் ஜேஏஎக்ஸ்பி பகுதியை ஜாவா 9-இல் நீக்கப்படவிருப்பதாகக் குறித்து, 2018 செப்டம்பரில் வந்த ஜாவா 11-இல் நீக்கினார்கள். முன்னறிவிப்பு இருந்தும், 8-இலிருந்து நேரே 11-க்குத் தாவிய ஏராளமான நிரல்கள் அந்தக் கிளாஸ் காணவில்லை என்று நின்றன. கல்லணையில் திறந்த தண்ணீர் அன்றே தலைஞாயிற்றுக்குப் போய்ச் சேர்வதில்லை. புதிய பதிப்பும் எல்லாச் செயலிகளையும் ஒரே நாளில் எட்டாது. கடைமடையில் இருப்பவர் யார், அவருக்கு எப்போது போய்ச் சேரும் என்பதைக் கணக்கிட்ட பிறகே மேலே மூடவேண்டும். உங்கள் பதினொன்றில் யாரும் ஓராண்டாகத் தொடாத செயலி ஒன்றாவது இருக்கும். அதுதான் உங்கள் கடைமடை.

எப்போது செய்வது என்பதை நீங்கள் கேட்கவில்லை, ஆனால் நம் பகுதியில் அது முக்கியம். ஜனவரி முதல் மார்ச் வரை சம்பா, தாளடி நெல் வந்து குவியும். செப்டம்பர், அக்டோபரில் குறுவை. ஏப்ரலில் எல்லோரும் நிதியாண்டுக் கணக்கோடு மல்லுக்கட்டுவார்கள். ஆக, மே மாதத்திலிருந்து ஆகஸ்டு நடுப்பகுதி வரைதான் உங்களுக்குக் கிடைக்கும் அவகாசம். நடுவில் கொஞ்சம் கோடை நெல் வரும், அதைச் சமாளித்துக்கொள்ளலாம். அதற்கு முந்தைய மாதங்களில் செய்யவேண்டியது, இன்றைய ‘காமன்’ என்ன தருகிறதோ அதை அப்படியே பிடித்துவைப்பது. உண்மையான ரசீதுகள், எடைச்சீட்டுகள், வரிப் பட்டியல்கள் ஆகியவற்றின் உள்ளீட்டையும் வெளியீட்டையும் பெயர் முதலியவற்றை நீக்கிச் சேமித்து, பிரித்த பிறகு அதே உள்ளீட்டுக்கு ஓர் எழுத்தும் மாறாமல் அதே வெளியீடு வருகிறதா என்று ஒப்பிடும் டெஸ்டாக்குங்கள். இந்த வேலை சலிப்பூட்டுவது. ஆனால் இதைவிடப் பயனுள்ள வேறொன்றை நான் கண்டதில்லை.

எத்தனை துண்டு என்ற கேள்விக்கு இப்போது வருகிறேன். இங்கே நான் சொல்வது ஊகம்தான். கேடிஇ ஐம்பதுக்கு மேல் பிரித்ததற்குக் காரணம், அவர்களுடைய லைப்ரரிகளைக் கேடிஇக்கு வெளியே இருப்பவர்களும் தனித்தனியாக எடுத்துப் பயன்படுத்தவேண்டும் என்பது. உங்களுக்கு அப்படி வெளியாட்கள் இல்லை. மறுகோடிக்குப் போனவர்கள் திரும்பியதும் உண்டு. ஜாவாஸ்கிரிப்ட் உலகில் லோடாஷ் என்ற லைப்ரரி, ஒவ்வொரு ஃபங்ஷனையும் ஒரு தனிப் பொட்டலமாகக் கொடுத்துப் பார்த்துவிட்டு, பிறகு அவற்றைப் பயன்படுத்தவேண்டாம் என்று தன் ஆவணத்திலேயே எழுதியது; பல பொட்டலங்களைச் சேர்த்து எடுத்தால் உள்ளே ஒரே நிரல் பல முறை படியாகி, மொத்தமாக எடுப்பதைவிடப் பெருத்துவிடுகிறது. லினக்ஸின் அடித்தளமான ஜிலிப்சி, 2021 ஆகஸ்டில் வந்த 2.34 பதிப்பில், பல்லாண்டுகளாகத் தனியாக வைத்திருந்த பித்ரெட், டிஎல் முதலிய லைப்ரரிகளை மையமான லிப்சிக்குள்ளேயே சேர்த்துக்கொண்டது. பழைய நிரல்கள் தேடி வரும் என்பதற்காக அந்தப் பெயர்களில் உள்ளீடற்ற கோப்புகளை மட்டும் விட்டுவைத்தது. ஒன்றையொன்று அந்தரங்கமாக அறிந்திருந்து, எப்போதும் ஒரே பதிப்பில் சேர்ந்தே வரவேண்டிய லைப்ரரிகளைத் தனியாக வைத்திருப்பதில் தொல்லை மட்டுமே மிஞ்சியது என்பதுதான் அங்கே பாடம்.

எட்டுப் பேருக்கு நான்கு அல்லது ஐந்து மாட்யூல் என்று நினைக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்ல ஒருவர், அவர் விடுப்பில் இருந்தால் இன்னொருவர் என்று பார்த்தாலே அதற்கு மேல் ஆள் இல்லை. ஒரு நிறுவனத்தின் உள் தொடர்புகள் எப்படியோ அப்படியேதான் அதன் மென்பொருளும் அமையும் என்று கணினி அறிஞர் மெல்வின் கான்வே 1968-இல் எழுதியது பெரிய நிறுவனங்களுக்கு மட்டும் உரியதன்று. முதலில் பிரிக்கவேண்டியது மிகப் பெரிய பகுதியை அன்று. எல்லை மிகத் தெளிவாக இருக்கும் பகுதியை. உங்களிடம் அது தமிழ் எழுத்துப் பகுதியாக இருக்கும் என்பது என் கணிப்பு: டாப், டாம், டிஸ்கி என்று பழைய குறியாக்கங்களில் கிடக்கும் வாடிக்கையாளர் பெயர்களை யூனிகோடாக்குவது, தமிழ் அகரவரிசையில் அடுக்குவது, ரூபாயைத் தமிழில் எழுத்தால் எழுதுவது. இவை எதையும் சாராதவை, எந்த அரசாணைக்கும் மாறாதவை, எல்லாச் செயலிகளுக்கும் வேண்டியவை. இதைப் பிரித்து ஒரு மாதம் ஓட்டிப் பார்த்தால், வெளியீடு, எண், பிஓஎம் ஆகியவற்றின் நடைமுறை உங்கள் குழுவுக்குக் கைவரும். அதன் பிறகு வரியும் வணிக விதியும். அதற்குள் கொள்முதல் விதியைத் தனியாக்குவதா என்பதை மாற்ற வரலாறு சொல்லட்டும். பிறகு அச்சு. பணம், எடை, நாள் போன்ற அடிப்படை மதிப்புகள் எல்லாவற்றுக்கும் கீழே தானாகவே தங்கிவிடும்.

தரவுத்தளத்தைத் தொடும் பகுதியைப் பற்றித்தான் எனக்கு மிகுந்த தயக்கம். ஒரே அட்டவணையில் இரண்டு லைப்ரரிகள் எழுதுமானால், நிரலை எத்தனை ஜார்களாகப் பிரித்தாலும் அவை பிரியவில்லை. ஒன்று அட்டவணையில் ஒரு நெடுவரிசையைச் சேர்த்தால் மற்றது உடையும். எந்த அட்டவணைக்கு எந்த மாட்யூல் உரிமையாளர் என்பதை முடிவு செய்ய முடியாதவரை, அந்தப் பகுதியைக் குறைக்கப்பட்ட ‘காமனாகவே’ விட்டுவைப்பது மேல். அதில் கொஞ்சம் அழுக்கு தங்கிவிடும், தங்கட்டும்.

கடைசியாக, தனி ரெப்போ. மேலே சொன்ன மாட்யூல்களில் ஏதேனும் ஒன்று, ஓராண்டு முழுவதும் மற்றவற்றோடு ஒரே பதிவில் சேர்ந்து மாறாமலேயே இருந்தால், அதற்கு மட்டும் தனி ரெப்போ கொடுக்கலாம். தமிழ் எழுத்துப் பகுதி அந்தத் தகுதியைப் பெறும், வரிப் பகுதி பெறாது என்று நினைக்கிறேன். அப்படிப் பிரிக்கும்போது கோப்புகளை வெறுமனே படியெடுத்துப் புதிய ரெப்போவில் போடாதீர்கள். கிட்டின் சப்ட்ரீ ஸ்பிளிட் அல்லது ஃபில்டர் ரெப்போ கருவியைக் கொண்டு அந்தக் கோப்புறையின் வரலாற்றையும் சேர்த்து எடுத்துச் செல்லுங்கள். டாப் குறியாக்கத்தின் ஏதோ ஓர் எழுத்துக்கு மட்டும் ஏன் விதிவிலக்கு எழுதப்பட்டது என்று நான்கு ஆண்டு கழித்து யாராவது கேட்டால், பதில் அந்தப் பழைய பதிவின் குறிப்பில் மட்டும்தான் இருக்கும்.